சாஸ்திரத்துக்கு ஒரு துண்டு

ஒரு கண்ணாடித் துண்டு புற ஊதா விளக்கின் கீழே பச்சையாக ஒளிர்ந்தால் எனக்கு டாக்டர் பட்டம். ஒளிராவிட்டால் முத்தியால்பேட்டையில் அம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சீரியல் பார்க்கலாம். ஒரு வருஷம் முழுக்க என் வாழ்க்கை இவ்வளவுதான். அந்த வருஷத்தில் யாராவது "ரிசர்ச் எப்படிப் போகுது" என்று கேட்டால் ஓங்கி ஒன்று விடலாம் போலிருக்கும். கேட்டவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான், அதனால்தான் விடவில்லை.

என்ன ஆராய்ச்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரோவ்ஸ்கைட் என்று ஒரு படிக வகை. சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்க, விளக்கு செய்ய என்று உலகமே அதன் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் அடுக்கடுக்காக அமைந்த ஒரு பிரிவு உண்டு. ஈயமும் அயோடினும் சேர்ந்த மெல்லிய தகடு, அதன்மேல் கரிம மூலக்கூறுகள் ஒரு வரிசை, மறுபடி தகடு, மறுபடி மூலக்கூறுகள். பரோட்டாவைப் பிய்த்தால் தெரியுமே, அந்த மாதிரி. அதைச் செய்ய எத்தனையோ வழி இருக்க, நான் பிடித்தது ஒரு சுற்று வழி. முதலில் கண்ணாடித் துண்டின்மேல் ஈய ஆக்சைடை நானோ அளவில் இதழ் இதழாக வளர்க்க வேண்டும். பிறகு அதை அமீன் அயோடைடு என்ற உப்பை ஆல்கஹாலில் கரைத்த கரைசலில் முக்க வேண்டும். இதழின் வடிவம் கலையாமல் உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் ஆக்சைடிலிருந்து பெரோவ்ஸ்கைட்டாக மாற வேண்டும். வீட்டை இடிக்காமல் குடியிருப்பவர்களை மட்டும் காலி செய்து வேறு ஆளைக் குடிவைப்பது. மாறிவிட்டால் வெளிறிய துண்டு ஆரஞ்சு நிறமாகும், புற ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். எனக்கும் சேர்ந்த அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

எங்கள் ஆய்வகம் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றில் இருந்தது. சுற்றுலா வருகிறவர்கள் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். உள்ளே வந்து பார்த்தால் தெரியும் சங்கதி. ஆளுயரத்தைவிட உயரமான மரச் சன்னல்கள், ஒன்றும் ஒழுங்காகச் சாத்தாது. மத்தியானம் ஆனால் கடல் காற்று நேராக வந்து என் மேசையில் உட்காரும். தராசில் வைத்த உப்பு எடை போடும்போதே ஈரம் குடித்து எண் ஏறிக்கொண்டே போகும்.

அங்கே நான், என் கைடு, ஆய்வக உதவியாளராக இருந்த அண்ணன், மூன்று பேர்தான் நிரந்தரம். கைடை நான் சார் என்றுதான் சொல்வேன். ஓய்வு பெறுவதற்குள் தன் பெயர் சொல்ல உருப்படியாக ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டவர், ஆசைப்படுவதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டவர். அண்ணன் நேர் எதிர். எதையும் வாய்விட்டுச் சொல்வார், எதையும் சாமியோடு சேர்த்துச் சொல்வார். ஸ்விட்ச் போட்டதும் ஃபர்னஸ் சூடேறினால்கூட அவருக்குச் சாமி புண்ணியம்தான்.

ஆயுத பூஜையை அண்ணன் தன் வீட்டுக் கல்யாணம் மாதிரி செய்வார். வாசலில் வாழைக்கன்று, மேசையில் பொரி, கடலை, சுண்டல். ஃபர்னஸ், தராசு, பம்ப், ஃப்ரிட்ஜ், ஃபேன் ஸ்விட்ச், தீயணைப்பு சிலிண்டர், ஒன்று பாக்கி விடாமல் பொட்டு. மஞ்சளையும் சந்தனத்தையும் குழைத்துக் கட்டைவிரலால் ஓர் அப்பு, நடுவில் குங்குமம். என் ரசாயன பாட்டில்களையும் வரிசையாக நிறுத்திக் கழுத்திலும் மூடியிலும் அப்பிவிடுவார். முதல் தடவை நான் தடுத்துப் பார்த்தேன்.

"அண்ணா, அது விஷம். அதுக்கெல்லாமா பொட்டு வெப்பாங்க?"

"விஷமா இருந்தா என்னாம்மா? அதுதானே உனக்கு சோறு போடுது" என்றார்.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி. கல்லூரிக்கு விடுமுறைதான், ஆனாலும் காலையில் வந்து கற்பூரம் காட்டி, பொட்டு வைத்த பொருளை எடுத்து ஆளுக்கு ஒரு வேலையைத் தொடங்கியே ஆக வேண்டும் என்பது அண்ணனின் சட்டம். பெரிய வேலை வேண்டியதில்லை, சாஸ்திரத்துக்கு ஒன்று போதும். பொட்டைத் துடைத்துவிட்டு வேலை செய்வது மட்டும் கூடவே கூடாது. அது பூஜையையே துடைத்துப் போடுவது மாதிரி என்பார்.

அந்த விஜயதசமியில் நானும் சாஸ்திரத்துக்குத்தான் உட்கார்ந்தேன். ஒரு சின்ன பாட்டிலில் பழைய கரைசல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கழுத்தைச் சுற்றி அண்ணன் அப்பிய பொட்டு ஈரமாகவே இருந்தது. கரைசலை வட்டிலில் ஊற்றும்போது லேசாக மஞ்சளித்திருப்பதைப் பார்த்தேன். அயோடைடு கரைசல் பழசானால் அப்படி ஆவது எங்களுக்கெல்லாம் பழக்கம், அதனால் ஒன்றும் தோன்றவில்லை. இருந்த நாலைந்து ஆக்சைடுத் துண்டுகளை அதில் போட்டுவிட்டு, சுண்டல் சாப்பிடப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் துண்டுகள் ஆரஞ்சு. துண்டு வைத்துப் பார்க்க எங்களிடம் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. உள்ளே புற ஊதா விளக்கு, மேலே கண் வைக்க ஓர் ஓட்டை. துண்டை உள்ளே தள்ளி, ஓட்டையில் கண் வைத்தேன். பச்சை. மங்கலாக இல்லை, சந்தேகமாக இல்லை, பச்சை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஓட்டையில் மொபைலை வைத்து எடுத்த படத்தைச் சாருக்கு அனுப்பினேன். அவர் அதைத் தனக்குத் தெரிந்த எல்லாருக்கும் அனுப்பினார். தன் வாட்ஸாப் படமாகவும் வைத்துக்கொண்டார். அதுவரை அங்கே அவருடைய பேரப்பிள்ளையின் படம் இருந்தது.

கண்ணால் பார்த்தது போதாது, எக்ஸ்ரே எடுத்து உள்ளே அடுக்கு இருக்கிறதா என்று காட்ட வேண்டும். ஒளிர்வை அளக்கிற கருவியில் விளக்கு எரிந்துபோய், உதிரிக்காகக் காத்துக் கிடந்தது. எக்ஸ்ரே கருவியோ வேறு ஊரில், வேறு நிறுவனத்தில். எங்கள் முறை வருவதற்குள் தீபாவளியே போய்விட்டது. துண்டை எடுத்துப் பார்த்தால் ஆரஞ்சு வெளுத்திருந்தது, பச்சை செத்திருந்தது. எக்ஸ்ரேயில் பழைய ஆக்சைடு மட்டும் தெரிந்தது. அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்து சார்தான் சமாதானம் சொன்னார்.

"ஈரம் தின்னுடுச்சும்மா. இது ஈரம் ஆகாத சரக்கு, நாம இருக்கறது கடல் ஓரம். ஒரு தடவை வந்தது மறுபடி வரும். திரும்பப் பண்ணு."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஈரம் பட்டால் கெடுகிற சரக்குதான் அது. என்னுடைய ஆய்வுக் காலம் அப்போதே முடிந்திருந்தது. அந்தப் பச்சைப் படத்தைக் காட்டித்தான் கமிட்டியிடம் ஒரு வருஷம் நீட்டிப்பு வாங்கினார் சார். கடைசி நீட்டிப்பு. அடுத்த கமிட்டி கூடும்போது துண்டு ஒளிர வேண்டும், இல்லாவிட்டால் என் பதிவு ரத்து.

அதன் பிறகு அந்தப் பச்சை வரவே இல்லை.

புதுக் கரைசல் கலக்கினேன், வரவில்லை. அடர்த்தியைக் கூட்டினேன், குறைத்தேன். முக்கும் நேரத்தை மாற்றினேன். ஃபர்னஸ் சூட்டை மாற்றினேன். துண்டு பழுப்பாக வந்தது, சேறாக வந்தது, சில சமயம் ஆக்சைடு முழுக்க உரிந்து வட்டிலின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பழைய கரைசல்தான் ரகசியம் போலிருக்கிறது என்று ஒரு பாட்டிலைச் சன்னலோரம் வெயிலில் வைத்து மஞ்சளாக்கினேன். மஞ்சளாயிற்று. அதில் முக்கிய துண்டு கறுப்புப் பெட்டிக்குள் கறுப்பாகவே உட்கார்ந்திருந்தது.

சரி, ஈரம்தான் எதிரி என்று கச்சை கட்டிக்கொண்டு இறங்கினேன். சன்னல் இடுக்குகளில் செய்தித்தாளைக் கிழித்துப் பசை தடவி அடைத்தேன். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளைத் தட்டுத் தட்டாக வைத்தேன். சார் தன் வீட்டிலிருந்து ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றைத் தூக்கி வந்தார். அவருடைய மனைவி அதற்காகச் சண்டை போட்டிருக்க வேண்டும், அவர் சொல்லவில்லை. கடல் காற்று எழுவதற்கு முன்னால் முடித்துவிடலாம் என்று விடிந்ததும் போய்விடுவேன். அடைத்த அறையில் ஃபர்னஸ் சூட்டில் வெந்து, வியர்வை கண்ணில் இறங்க, ட்வீசரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு அந்த ஓட்டையில் கண் வைப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் இருட்டு.

அழுதேனா என்றால், அழுதேன். ஆய்வகத்துக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். அந்தக் குழாயும் ஒழுங்காக வராது, சத்தத்தை மறைக்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்காது. அண்ணனுக்குக் கேட்டிருக்கும். நான் வெளியே வரும்போது மேசையில் டீ இருக்கும், அவர் இருக்க மாட்டார்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ஸ்கூட்டரைக் குருசுக்குப்பம் பக்கம் விட்டேன். கரையில் உட்கார்ந்து கடலைத் திட்டினேன். மனதுக்குள் திட்டுவதாகத்தான் நினைத்தேன். பக்கத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, தனியா பேசிக்கினு இருக்கற?"

"காத்த திட்றேன். ஈரம் ஈரம்னு என் வேலையெல்லாம் கெடுக்குது."

"திட்டு, திட்டு. என் கருவாட்டையும்தான் காய வுட மாட்டேங்குது" என்றார். இருவருமாகக் கொஞ்ச நேரம் காற்றைத் திட்டினோம். அந்த வருஷத்தில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான் என்று அன்றைக்குத் தோன்றியது.

வீட்டில் அம்மா வேறு. அப்பா எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி, பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பார் அல்லது கிளம்பிக்கொண்டிருப்பார். அதனால் விசாரணை முழுக்க அம்மாதான். நான் வண்டியை நிறுத்துவதற்குள் வாசலுக்கு வந்துவிடுவார். வெள்ளிக்கிழமையென்றால் மஞ்சள் பூசிக் குளித்த முகத்தோடு நிற்பார்.

"அந்தப் பச்ச வந்துச்சா?"

"வரலம்மா."

"நாளைக்கு வரும். சாப்புடு."

அம்மாவுக்கு அந்தப் பச்சை ஏதோ ஊருக்குப் போன சொந்தக்காரர். பஸ் தாமதம், வந்துவிடும். சில நாள் நான் எரிந்து விழுவேன். "வந்தா நானே சொல்ல மாட்டனா? தினம் தினம் கேட்டு உயிர வாங்கற." அம்மா கோபித்துக்கொள்ள மாட்டார். மறுநாளும் கேட்பார்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அறிவியல் படித்தவள், சாமியறைக்கே அதிகம் போகாதவள், கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? பச்சை வந்த அன்றைக்குப் போட்டிருந்த சுடிதாரைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். அன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டேன் என்று அம்மாவிடம் கேட்டு அதையே சாப்பிட்டேன். அதே ஸ்டூல், அதே வட்டில். பைத்தியம் பிடிக்காத குறை. அந்த நாளை அப்படியே மறுபடி கட்டிவிட்டால் பச்சை ஏமாந்து வந்துவிடும் என்று நினைத்தேன். அப்படியும் அது வரவில்லை.

மறுபடி ஆயுத பூஜை வந்தது. அடுத்த திங்கட்கிழமை கமிட்டி. என்னிடம் காட்ட ஒன்றுமே இல்லை. அண்ணன் வழக்கம்போல மஞ்சளும் சந்தனமும் குழைத்துக்கொண்டிருந்தார். நான் போய் அவர் முன்னால் நின்றேன். அந்த வருஷத்தில் என்னிடம் மிச்சமிருந்த திமிரெல்லாம் அந்த நாலடி நடப்பதற்குள் தீர்ந்துபோயிற்று.

"அண்ணா, என் பாட்டிலுக்கு நல்லா வைங்க. போன வருஷம் மாதிரி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். விஷத்துக்கா பொட்டு என்று கேட்டவள் இவள்தானே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு வைப்பது போல நிதானமாக, கழுத்தைச் சுற்றி, மூடியில், வாயோரத்தில் எல்லாம் வைத்தார். "இந்த வாட்டி குடுத்துடுவாம்மா" என்றார். யார் கொடுப்பாள் என்று நான் கேட்கவில்லை. யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டியதும் உட்கார்ந்தேன். சாஸ்திரத்துக்கு ஒரு துண்டு. கரைசல் பாட்டிலின் கழுத்தில் வழிந்து, பொட்டின்மேல் ஓடி, வட்டிலில் விழுந்தது. துண்டைப் போட்டேன். இந்தத் தடவை சுண்டல் சாப்பிடப் போகவில்லை. பக்கத்திலேயே நின்றேன். கண்ணெதிரே வெளிறிய துண்டு மெல்ல ஆரஞ்சாயிற்று. எடுத்துக் கறுப்புப் பெட்டிக்குள் தள்ளி ஓட்டையில் கண் வைத்தேன்.

பச்சை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "வந்துடுச்சும்மா." அந்தப் பக்கம் அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு சாருக்குப் போன் போட்டேன். அவர் வீட்டுப் பூஜையை அப்படியே விட்டுவிட்டு வேட்டியோடு வந்தார். அவர் சாதாரணமாக நெற்றியில் எதுவும் வைத்துக்கொள்ளாதவர். அன்றைக்கு அண்ணன் குழைத்த கிண்ணத்தோடு போய் நின்றபோது நெற்றியைக் காட்டினார். அண்ணன் அகலமாக வைத்துவிட்டார்.

"ஓட்டையில ஒவ்வொருத்தரா பாக்க வேணாம். சன்னலெல்லாம் சாத்துங்க. எல்லாரும் சேந்து பாக்கலாம்" என்றார் சார்.

நான் செய்தித்தாள் அடைத்த சன்னல்கள் அன்றைக்குத்தான் உருப்படியாக உதவின. அறை நன்றாக இருண்டது. பெட்டியிலிருந்து புற ஊதா விளக்கைக் கழற்றி நான் பிடித்துக்கொண்டேன். வட்டிலில் துண்டு பச்சையாக எரிந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். சார் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று குனிந்தார்.

அவர் நெற்றி பச்சையாக ஒளிர்ந்தது.

அதே பச்சை. துண்டும் நெற்றியும் ஒரு சாண் இடைவெளியில், ஒரே பச்சை. அவருக்குத் தன் நெற்றி எப்படித் தெரியும்? அவர் துண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. "வந்துடுச்சு" என்று அண்ணனிடம் சொன்னார், என்னிடம் சொன்னார், பிறகு மொபைலை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அண்ணன் கேசரி எடுத்துவரக் கூடவே போனார். கதவு சாத்திக்கொண்டது.

இருட்டில் விளக்கைத் துண்டிலிருந்து எடுத்து மெதுவாகத் திருப்பினேன். பாட்டில் கழுத்தில் பச்சை. என் கையுறையின் விரல் நுனியில் பச்சை. ஃபர்னஸ் கதவில் ஒரு பச்சைப் புள்ளி. தராசில், பம்பில், ஃப்ரிட்ஜில், ஃபேன் ஸ்விட்சில், தீயணைப்பு சிலிண்டரில். அண்ணன் எங்கெங்கே விரல் வைத்தாரோ அங்கெல்லாம். அறை முழுக்கப் பச்சை, நடுவில் நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு முட்டாள் மாதிரி நிற்கிறேன்.

மஞ்சள் ஆல்கஹாலில் கரையும். புற ஊதா வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். ஈய ஆக்சைடின்மேல் போய் ஒட்டிக்கொண்டு ஆரஞ்சாகத் தெரியும். வெளிச்சத்தில் கிடந்தால் நாளடைவில் வெளுத்துச் செத்தும் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமா? கல்லூரிப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் எந்த ஆராய்ச்சியாளர் தன் செய்முறையில் பொட்டை எழுதுவார்? சுடிதாரை ஞாபகம் வைத்தேன், இட்லியை ஞாபகம் வைத்தேன். பொட்டு கண்ணுக்கு எதிரேயே இருந்தது, கண்ணில் படவில்லை. பிறந்ததிலிருந்து எல்லாப் பொருளின்மேலும் பார்த்து வளர்ந்தது எப்படிக் கண்ணில் படும்.

ஒரு வருஷம். அந்தக் கடலைத் திட்டினேன், காற்றைத் திட்டினேன், அம்மாவைத் திட்டினேன். என் ஆக்சைடு ஒரு நாளும் பெரோவ்ஸ்கைட்டாக மாறவே இல்லை. குடியிருந்தவர்கள் யாரும் காலி செய்யவில்லை. வாசலில் யாரோ மஞ்சள் தெளித்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வாயை மூடிக்கொண்டால் என்ன என்று நினைத்தேன். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை கமிட்டி வந்து, இருட்டறையில் துண்டைப் பார்த்து, தலையாட்டிவிட்டுப் போகும். அவர்கள் நெற்றியில் பொட்டு இருக்காது. எக்ஸ்ரே கேட்டால் ஈரம் தின்றுவிட்டது என்று சொல்லலாம். சார்தான் அந்தப் பதிலைக் கற்றுக்கொடுத்தாரே. வராந்தாவிலிருந்து அவர் சிரிப்பது கேட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

கதவைத் திறந்து கூப்பிட்டேன்.

"சார், கொஞ்சம் உள்ள வாங்க. கதவ சாத்திக்குங்க."

வந்தார். விளக்கை ஃபர்னஸ்மேல் காட்டினேன். தராசின்மேல் காட்டினேன். பாட்டிலின்மேல் காட்டினேன். பிறகு விளக்கை அவர் நெற்றிப் பக்கம் திருப்பி, என் மொபைலில் அவர் முகத்தை ஒரு படம் எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். துடைத்த கைக்குட்டையை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். பிறகு அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சுவரைத் தடவி லைட்டைப் போட்டார். எல்லாம் வெறும் பொட்டாகிவிட்டது.

"போன் பண்ணி சொல்லிட்டனேம்மா" என்றார்.

"நானும்தான் சார். எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்."

இருவரும் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்தோம். அண்ணன் கேசரித் தட்டோடு வந்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார், தட்டை மேசையில் வைத்தார். "என்னா சார், போயிடுச்சா?" என்றார். சார் அவரைப் பார்த்து, "உன் பூஜையில ஒரு கொறையும் இல்லப்பா" என்றார். அது உண்மைதான். அண்ணனிடம் அதற்கு மேல் நாங்கள் இருவருமே எதுவும் சொல்லவில்லை. சார் மறுபடி மொபைலை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். இந்தத் தடவை பேச்சு சீக்கிரம் முடிந்தது. திரும்பி வந்து, "திங்கக்கெழம உள்ளத சொல்லிடலாம். நீ பேச வேணாம், நான் பேசறேன்" என்றார். உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அப்படியேதான் ஆயிற்று. மறு மாதம் என் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்றைக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். காலையில் அப்பா அதன் முகப்பிலும் பொட்டு வைத்திருந்தார். அதைப் பார்க்கப் பிடிக்காமல் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். எங்கள் தெரு திரும்பும்போதே தெரிந்துவிட்டது, அம்மா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. எதிர் வீட்டு அக்கா வாசலில் கிண்ணத்தோடு நின்று சிரித்தார். எங்கள் வீட்டுப் பாயசக் கிண்ணம்.

அம்மா வாசலுக்கு வந்தார். நல்ல நாள் என்று மஞ்சள் பூசிக் குளித்திருந்தார். அன்றைக்கு மட்டும் அவர் கேட்கவில்லை, கேட்க அவசியம் இல்லை என்று நினைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கேட்டார்.

"என்னாடி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"அது இல்லம்மா."

"எது இல்ல?"

"நான் தேடினது இல்லம்மா அது. பொட்டு வெச்ச மஞ்சள் பாட்டில்ல எறங்கியிருக்கு. போன வருஷமும் அதான். பச்சையா தெரிஞ்சது வெறும் மஞ்சள். எல்லாம் போச்சு."

அம்மாவுக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று எனக்குத் தெரியாது. ஹெல்மெட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"மஞ்சள்தானடி" என்றார். "நல்லதுதானே?"